செவுளில் ஒரு கொக்கி

“அண்ணி, இது என்னைப் பார்த்துக் கொக்கி காட்டுது,” என்றாள் பட்டாசு, மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அது செத்துப் பல நாளாச்சு. தள்ளு, நான் பார்க்கணும்.”

பட்டாசு தள்ளவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு உண்டு. பள்ளிக்கூடத்தோடு அதைக் கழற்றி வைத்துவிட்டாள். அண்ணி துப்பறிவதைத் தொழிலாக வைத்திருப்பவள். பட்டாசு அவளுடைய நாத்தனார், உதவியாள், ஸ்கூட்டரின் பின்சீட்டு, இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிற வாய். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வண்டியில் சிரித்துக்கொண்டு போவதைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் ஆச்சரியம் வரும், பிறகு பொறாமை வரும். சும்மா இருந்தால் மனசுக்குள் ஓடுகிற பேச்சு காதில் விழத் தொடங்கிவிடும் என்பதால்தான் பட்டாசு ஓயாமல் பேசினாள். இது அண்ணிக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டதில்லை.

“லாரி எப்போ கிளம்புது டாக்டர்?” என்றாள் அண்ணி.

“சாயங்காலம்,” என்றார் மீன் டாக்டர். ஃபார்மலின் பாட்டில்களுக்கு நடுவில் டீ டம்ளரை வைத்திருந்தார். ஒவ்வொரு வாய் குடிப்பதற்கு முன்னாலும் ஒருமுறை மோந்து பார்த்துக்கொண்டார். “பிளீச்சிங் பவுடர் ஏத்தியாச்சு. எனக்கும் பிடிக்காத வேலைதான். என்ன செய்யறது? புகார் வந்துச்சு, சாம்பிள் வந்துச்சு, புழு இருந்துச்சு.”

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் கெண்டைக் குஞ்சு பொரிப்பகம் வைத்திருக்கிற அம்மாவின் குளங்களுக்குத்தான் அந்த உத்தரவு. மருந்தைக் கொட்டித் தாய்மீன் ஒன்று விடாமல் சாகடிக்க வேண்டும். அவள் விற்ற குஞ்சுகளோடு செவுள்புழுவும் கூடவே போனது, வாங்கியவர் குளத்தில் குஞ்சுகள் கொத்துக் கொத்தாக மிதந்தன, இதுதான் புகார். கொடுத்தவர் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் பெரிய குளங்கள் வைத்திருப்பவர். அவளுடைய சம்பந்தி. மகளைக் கட்டிக்கொடுத்த வீடு.

காலையில் அந்த அம்மா அண்ணியின் வீட்டு வாசலில் ஈரப் புடவையோடு வந்து நின்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்: “என் மீனுக்கு நோய் இல்லை.”

“என்ன புழு டாக்டர்?” என்றாள் அண்ணி.

மீன் டாக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். “என்ன கேட்டீங்க?”

“இது என்ன புழுன்னு கேட்டேன்.”

“புழு இருக்கா இல்லையான்னுதான் மேலேருந்து கேட்டாங்க. இருக்குன்னு எழுதிக் கொடுத்தேன். என்ன புழுன்னு யாரும் கேட்கலையேம்மா.”

அந்தக் கடைசி வாக்கியத்தில், கல்யாண வீட்டில் யாரும் பாடச் சொல்லாத பாடகனின் ஏக்கம் இருந்தது. இப்போது கேட்டுவிட்டார்கள். அவர் பத்து வயது குறைந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“முதல்ல தலைப்பக்கம் பாருங்க. நாலு புள்ளி தெரியுதா? மங்கலா இருக்கும்.”

“இருக்கு,” என்றாள் பட்டாசு. “நாலு கண்ணா? எங்க ஹெட்மாஸ்டருக்கு ரெண்டுதான், அதுக்கே நாங்க தப்பிக்கலை.”

“நாலு கண் இருந்தா செவுள்புழு. தட்டையா, நூல் துண்டு மாதிரி. செவுள்லயே ஒட்டிக்கிட்டு முட்டை போடும். கண்ணே இல்லாத இன்னொரு வகை உண்டு. அது பெரும்பாலும் தோல்லயும் துடுப்புலயும் இருக்கும், குட்டி போடும். அது வயித்துக்குள்ள மகள் இருப்பா. அந்த மகள் வயித்துக்குள்ள பேத்தி. யாரும் பிறக்கறதுக்கு முன்னாடியே மூணு தலைமுறை ரெடி.”

“எங்க பெரியம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவங்க அவசரத்துக்கு இதுவும் போதாது.”

“இப்போ வால்பக்கம் போங்க. பெரிய கொக்கி ரெண்டு, நடுவுல அதைச் சேர்க்கிற பட்டை, சுத்திக் குட்டிக் கொக்கி. அதோட கைரேகையே அதுதான். கொக்கி வளைஞ்சிருக்கிற விதத்தை வெச்சுத்தான் பேர் சொல்லணும்.” சுவரில் தொங்கிய பெரிய படத்தின் முன்னால் போய் நின்றார். படம் முழுவதும் கொக்கிகள். தூரத்திலிருந்து பார்த்தால் கசாப்புக் கடை விளம்பரம் போல இருந்தது. திரும்பி வந்து பட்டாசை மரியாதையாக விலக்கிவிட்டு மைக்ராஸ்கோப் குழாயில் கண்ணை வைத்தார். மறுபடி படத்துக்குப் போனார். மறுபடி குழாய்க்கு வந்தார்.

பிறகு டீயை மோந்து பார்க்காமலே குடித்தார்.

“இது புல்கெண்டைப் புழு,” என்றார்.

“அதனால?”

“ஒவ்வொரு செவுள்புழுவும் தனக்குன்னு ஒரு மீனை வெச்சிருக்கும்மா. சிலது நெருங்கின சொந்தக்கார மீனையும் ஏத்துக்கும். இது அப்படியில்லை, புல்கெண்டையை விட்டா வேற செவுள்ல குடித்தனம் பண்ணாது. உலகத்துல எந்த நாட்டுக்குப் புல்கெண்டையை ஏத்திக்கிட்டுப் போனாலும் செவுளோட இதுவும் போய் இறங்கியிருக்கு.”

“கொண்டுவந்த பெட்டியை விட்டு நகராத மருமகள் மாதிரி,” என்றாள் பட்டாசு.

“பொரிப்பகத்துல என்ன மீன் இருக்கு?” என்றாள் அண்ணி.

“சாதாக்கெண்டை மட்டும்தான்னு...” மீன் டாக்டர் பாதியில் நிறுத்தினார். அவர் முகம் மெதுவாக வெளுத்தது.

“சாம்பிளை நீங்க எடுத்தீங்களா?”

“இல்லைம்மா. சம்பந்திக்காரர் கொண்டுவந்தார். ஜாம் பாட்டில்ல ஸ்பிரிட் ஊத்தி, செவுளை நறுக்கிப் போட்டு. வெளுத்துப்போன துண்டைப் பார்த்து எந்தக் கெண்டைன்னு யாராலும் சொல்ல முடியாது. பொரிப்பகத்துத் தாய்மீன்னு சொன்னார், நம்பிட்டேன்.”

“அப்போ லாரியை நிறுத்துங்க.”

“அவ்வளவு பெரிய குளத்துல ஒரு புல்கெண்டைகூட இல்லைன்னு நான் எப்படி எழுதறது? அந்தச் செவுள் எங்கேருந்து வந்துதுன்னு வெட்டினவங்களே என்கிட்ட வந்து சொல்லட்டும். அந்த நிமிஷம் லாரி திரும்பிடும்.”

ஸ்கூட்டரில் ஏறும்போது பட்டாசுக்கு உற்சாகம் தாங்கவில்லை. “கேஸ் முடிஞ்சுது. சம்பந்தி மாட்டினார். போற வழியில கரும்புச்சாறு வாங்கித் தர்றீங்க.”

“இன்னும் யாரும் மாட்டலை,” என்றாள் அண்ணி. “ஏறு.”

*

பொரிப்பகத்தம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று கொடிகொடியாக வளர்ந்த நீர்ப்பாசியைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். சாதாக்கெண்டை பாசியில்தான் முட்டையை ஒட்டும். கட்டுக்கட்டாகப் பாசியை மிதக்கவிட்டு, முட்டை ஒட்டியதும் அப்படியே தூக்கிப் பொரிக்கும் தொட்டியில் போடுவாள். மாலையில் விஷம் கொட்டப்போகிற குளத்தில் நாளைக்கு முட்டை வைக்கத் தயார் செய்துகொண்டிருந்தாள். பட்டாசு அந்த முரண்பாட்டை ஒரு ஜோக்காக மாற்றப் பார்த்தாள். முடியவில்லை.

“புல்கெண்டையா? என்கிட்டயா?” பொரிப்பகத்தம்மா சிரித்தே விட்டாள். “அதுக்கு வேற சாப்பாடே வேண்டாம், பாசியைக் கண்டா போதும். ஒண்ணை உள்ளே விட்டா ஒரே வாரத்துல என் மீனுக்கெல்லாம் பிரசவ ஆஸ்பத்திரி காலி. ஒண்ணுகூட இல்லை.”

அவள் தண்ணீரில் கையைத் தட்டினாள். அடியிலிருந்து பழுப்பும் பொன்னுமாக முதுகுகள் எழும்பி வந்து அவளைச் சுற்றி நின்றன. “இவ மகாராணி. அவன் சோம்பேறி. மூக்குமேல வெள்ளைப் புள்ளி வெச்சிருக்காளே, மூக்குத்தி.” மூக்குத்தி அவள் விரலை முட்டிவிட்டுப் போனது. கரையேற ஒரு காலைத் தூக்கியவள் பல்லைக் கடித்தாள். முழங்கால் பலாக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அண்ணி கை நீட்டினாள். அவள் பிடித்துக்கொள்ளவில்லை.

“அப்போ நல்லதாப்போச்சு,” என்றாள் அண்ணி. “டாக்டர்கிட்ட வந்த செவுள் உங்க மீனோடது இல்லை. யாரோ வேற மீனை வெட்டி, ஜாம் பாட்டில்ல போட்டு, உங்க பேரைச் சொல்லிக் கொடுத்திருக்காங்க.”

“ஜாம் பாட்டிலா?”

“ஆமா.”

அந்த முகத்தில் சிரிப்பு இருந்த இடம் காலியானது. பட்டாசு பார்த்துக்கொண்டே இருந்தாள். குளத்தில் மீன் முதுகு தெரிந்து மறைவது மாதிரி, எதுவோ ஒன்று அந்த அம்மாவின் கண்ணுக்கு வந்து, திரும்பி ஆழத்துக்குப் போனது.

“விட்டுடுங்கம்மா,” என்றாள் பொரிப்பகத்தம்மா. “ரெண்டு பேருக்கும் அலைச்சல். கொட்டறவங்க கொட்டிட்டுப் போகட்டும்.”

“அக்கா, காலையில நீங்கதானே...” என்று இழுத்தாள் பட்டாசு.

“காலையில கேட்டேன். இப்போ வேண்டாங்கறேன்.” திரும்பித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள்.

வாசலுக்கு வந்ததும் பட்டாசு வெடித்தாள். “என்ன அண்ணி இது? ஜெயிக்கிற நேரத்துல ஆட்டத்தைக் கலைக்கிறாங்க? சம்பந்திக்கு இவ்வளவு பயமா?”

“பயந்த முகமா அது?”

பட்டாசு யோசித்தாள். இல்லை. பயந்த முகம் அவளுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். இது வேறு. யாரையோ முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிற முகம்.

*

சம்பந்தியின் குளம் கழுவித் துடைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

“பாசி ஒரு இணுக்கு காட்டுங்க பார்ப்போம்!” என்றார் அவர், கிழிந்துபோன ஸ்பீக்கர் மாதிரியான குரலில். “எல்லாம் என் புல்கெண்டைங்க வேலை. கரையோரப் புல்லைக்கூட எட்டி எட்டித் தின்னும்.”

“அழகா இருக்கே. ஏன் மாமா ஒண்ணுகூட மேலே வரலை?” என்றாள் பட்டாசு. எந்த ஆணையும் மாமாவாக்கிக்கொள்ள அவளுக்கு அரை நிமிஷம் போதும்.

சம்பந்தியின் குரல் உடைந்தது. “அதை ஏன் கேட்கறே? பயந்து கிடக்குதுங்க. இருக்கிறதுலயே பெருசு ஒண்ணு, கன்னுக்குட்டி சைஸ். போன வாரம் நீர்நாய் அடிச்சுப் போட்டுடுச்சு. கரையில பார்க்கறேன், உடம்பு முழுசாக் கிடக்குது, தலைதான் தனியா. செவுளை மட்டும் தின்னுட்டுப் போயிருக்கு!”

“செவுளை மட்டுமா? நாசூக்கான நீர்நாய்தான். கத்தி, முள்கரண்டி எல்லாம் கொண்டுவந்துச்சா?”

“என் வயித்தெரிச்சல் உனக்கு விளையாட்டா இருக்கா?” அவர் நிஜமாகவே மேல்துண்டால் கண்ணைத் துடைத்தார்.

அண்ணி நடுவில் புகுந்தாள். “டாக்டர்கிட்ட கொடுத்த பாட்டில், அந்தச் செவுளைப் பொரிப்பகத்துலேருந்து யார் எடுத்தது?”

“என் மருமகதான். டாக்டர் சாம்பிள் வேணும்னார். நான் போய்ச் சம்பந்தியம்மா குளத்துல கைவிட்டா மரியாதையா இருக்குமா? அதான் பெத்த பொண்ணையே அனுப்பினேன். புகார் வேற, உறவு வேற பாருங்க.”

“குஞ்சு செத்தப்போ எப்படி இருந்துது?”

“விடிய நேரத்துல மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிச்சு. அப்படியே மல்லாந்துடுச்சு. நோய் இல்லாம வேற என்ன?”

குளத்தின் மூலையில், தண்ணீருக்குக் காற்று ஊட்டுகிற பம்பு ஒன்று நின்றிருந்தது. அதன் மேல் சிலந்தி நிம்மதியாக வலை கட்டியிருந்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டாள்.

வேலியோரம் வந்ததும் பட்டாசு காதைக் கடித்தாள். “இவர்தான் அண்ணி. பம்பு ஓடலை, மூச்சுமுட்டிக் குஞ்சு செத்துச்சு, பழியைத் தூக்கி அந்தம்மா தலையில போடறார். வெட்டினதும் அவர், அழறதும் அவர். சினிமாவுல விட்டா விருது வாங்குவார்.”

“பழி போட்டது அவர்தான். வெட்டினது அவர் இல்லை. வெட்டினவர் நம்மகிட்ட வந்து நீர்நாய் கதையைத் தானாச் சொல்வாரா?”

“அப்போ யாரு?”

அண்ணி நின்றாள். “நீயே சொல்லு. பொரிப்பகத்து மீன் மேல பழி போடணும். அதுக்கு ஒரு செவுள் வேணும். அங்க கையைத் தட்டினா மீன் வந்து மடியில உட்காராத குறை. அதை விட்டுட்டு, இவ்வளவு பெரிய குளத்துல வலை போட்டு, கன்னுக்குட்டி சைஸ் மீனை ஒத்தை ஆளா இழுத்து வெட்டியிருக்காங்க. ஏன் இத்தனை கஷ்டம்?”

“மூளை இல்லாததால.”

“மனசு இருந்ததால,” என்றாள் அண்ணி. “அந்த மீன்கள் பேர் தெரிஞ்ச ஒருத்தரால அதுல கத்தி வைக்க முடியலை.”

பட்டாசு வீட்டுப் பக்கம் திரும்பினாள். பின்கட்டிலிருந்து துணி துவைக்கிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

*

அண்ணி ஜாம் பாட்டிலைப் பற்றிக் கேட்டதும், பொரிப்பகத்தம்மாவின் மகள் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். மறுக்கவே இல்லை. மறுக்கத் தெம்பில்லாதவள் போல ஈரக் கையை முழங்காலில் கோத்துக்கொண்டாள்.

“கத்தியோடதான் போனேன் அம்மா குளத்துக்கு. தண்ணியில கையை வெச்சதும் மூக்குத்தி வந்து முட்டிச்சு. திரும்பி வந்துட்டேன். அம்மாகிட்ட ஒரு காலி ஜாம் பாட்டில் மட்டும் கேட்டேன். எதுக்குன்னுகூட அவ கேட்கலை, கழுவிக் கொடுத்தா.” மூக்கை உறிஞ்சினாள். “புழு புழுதானேன்னு நினைச்சேன். அதுக்குள்ளயும் இவ்வளவு ஆள் அடையாளம் இருக்கும்னு எனக்கு எப்படித் தெரியும்?”

“ஏன்?” என்றாள் அண்ணி.

“அவ முட்டியைப் பார்த்தீங்களா? போன மழையில கரையில வழுக்கி விழுந்து, எழுந்திரிக்க முடியாம தண்ணியில கிடந்திருக்கா. பாசியைப் பிடிச்சுப் பிடிச்சு ஏறியிருக்கா. எனக்கு மூணாம் மனுஷி சொல்லித் தெரியுது. ‘விட்டுட்டு என்னோட வா’ன்னு எத்தனை தடவை கூப்பிட்டேன். குளம் இருக்கிறவரைக்கும் வரமாட்டா. அதான், குளம் இல்லைன்னா...” குரல் இறங்கியது. “அவ நல்லதுக்குத்தான் பண்ணினேன்.”

அந்தச் சொல் பட்டாசின் மேல் வெந்நீர் மாதிரி விழுந்தது. ஜோக் அடிக்கலாம், நாக்கின் நுனியில் இரண்டு மூன்று தயாராகவும் இருந்தன. அவள் எதையும் எடுக்கவில்லை.

“எனக்கும் நல்லது பண்ணினாங்க,” என்றாள். “எங்க அண்ணன்மார். கல்யாணம் பண்ணி வெச்சது ஒரு நல்லது. அது சரியில்லைன்னு முறிச்சுக் கூட்டிட்டு வந்தது இன்னொரு நல்லது. ரெண்டுமே நல்லதாக்கூட இருக்கலாம். நடுவுல ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா, அவளைத்தான் யாருக்கும் தெரியலை.”

அண்ணி அவளைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தாள். பட்டாசுக்கு அது போதுமாக இருந்தது.

“உங்கம்மாவுக்குத் தெரியும்,” என்று பட்டாசு மகளிடம் சொன்னாள். “ஜாம் பாட்டில்னு சொன்ன உடனே தெரிஞ்சுபோச்சு. உன் பேர் வெளியே வரக்கூடாதுன்னு மகாராணி, மூக்குத்தி எல்லாரையும் கொடுக்கத் தயாராயிட்டாங்க.”

மகள் எழுந்தாள். துவைத்த துணி கல்லிலேயே கிடந்தது.

*

அவர்கள் பொரிப்பகத்துக்கு வருவதற்குள் லாரி முந்திக்கொண்டிருந்தது. கரையில் மூட்டைகள் இறங்கியிருந்தன. முகத்தில் துணி கட்டிய ஆட்கள் ஒரு மூட்டையின் வாயை அறுத்திருந்தார்கள். குளோரின் நெடி கண்ணைக் கரித்தது. சம்பந்தியும் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றிருந்தார். பொரிப்பகத்தம்மா மட்டும் தண்ணீரைவிட்டு ஏறவில்லை. மீன்கள் அவளைச் சுற்றி நின்றன.

“கடைசியாக் கேட்கறேன்மா,” என்றார் மீன் டாக்டர். அவர் அந்த மூட்டைகளைவிடப் பரிதாபமாக இருந்தார். “உங்க குளத்துல புல்கெண்டை இருந்துதா, இல்லையா?”

“இருந்துது,” என்றாள் பொரிப்பகத்தம்மா. “ஒண்ணு இருந்துது. நான்தான் மறைச்சேன். கொட்டுங்க.”

“பொய் சொல்லாதேம்மா!”

மகள் மூச்சிரைக்க மூட்டையைத் தாண்டி வந்து குளத்துக்கும் ஆட்களுக்கும் நடுவில் நின்றாள். “டாக்டர், அது இந்தக் குளத்து மீனே இல்லை. எங்க வீட்டுக் குளத்துப் புல்கெண்டையை நான்தான் வெட்டினேன். செவுளைப் பாட்டில்ல போட்டு மாமாகிட்ட இங்கேருந்து எடுத்ததுன்னு கொடுத்தேன். பாட்டில் விஷயம் மாமாவுக்குத் தெரியாது. குஞ்சு செத்தது பம்பு ஓடாததால. அது அவருக்குத் தெரியும்.”

சம்பந்தி மூக்கிலிருந்து மேல்துண்டை இறக்கினார்.

“என் புல்கெண்டையையா?” என்றார் சம்பந்தி. பம்பைப் பற்றிச் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. “என் கன்னுக்குட்டியையா?”

“கட்டுங்கடா மூட்டையை,” என்றார் மீன் டாக்டர். அவர் குரலில் இவ்வளவு அதிகாரம் வருமென்று அவருக்கே தெரிந்திருக்காது. “எல்லாத்தையும் ஏத்துங்க. கொட்டினதை அள்ளுங்க, ஒரு துளி தண்ணிக்குப் போகக் கூடாது. ஐயா, நீங்க என்னோட வாங்க. உங்க பம்பைப் பத்திப் பேசணும்.”

லாரி பின்வாங்கித் திரும்பிப் போனது. பட்டாசு ஸ்கூட்டருக்குப் பக்கத்திலேயே நின்றாள்.

“அந்த வீட்டுல இனி உன் கதி என்ன?” என்றாள் அம்மா.

“பார்த்துக்கறேன். உன் முட்டி...”

“முட்டி என்னுது,” என்றாள் பொரிப்பகத்தம்மா. “குளமும் என்னுது.”

மகள் தலை குனிந்தாள். அழுகை வந்தது. அம்மா அதைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. பாதி கட்டியிருந்த பாசிக்கட்டை எடுத்தாள், முடிச்சுப் போட்டாள், இழுத்துப் பார்த்தாள், மிதக்கவிட்டாள். அடுத்த கட்டுக்குக் குனியப் போனவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். நிமிரச் சிறிது நேரம் ஆனது.

“நாளைக்கு முட்டை வைக்கும்,” என்றாள், மகளைப் பார்க்காமல். “இருட்டறதுக்குள்ள இந்தப் பாசியெல்லாம் கட்டியாகணும். எனக்கு ஒரு ஆள் வேணும். வர்றியா?”

அம்மா யாரிடமாவது ஆள் வேண்டும் என்று கேட்டதை மகள் இதுவரை கண்டதில்லை போலிருக்கிறது. புடவையைக்கூடத் தூக்கிச் செருகாமல், ஓடாத குறையாக, சரசரவென்று தண்ணீருக்குள் இறங்கினாள். மீன்கள் சிதறி ஓடின.

“செருப்பைக் கழட்டுடி!” என்று அதட்டினாள் அம்மா.